கிண்ணத்தில் கட்டிய ஏடு

எங்கள் ஊருக்கான கணிப்பு, அக்டோபர் பதினெட்டு விடியற்காலை: மைனஸ் இரண்டு. வானம் தெளிவு, காற்று இல்லை. பதினேழாம் தேதி காலை ஐந்தரைக்கு அங்காராவில் என் வீட்டுக் கணினியில் இதைப் பார்த்தேன். ஆறு மணிக்குக் காரை எடுத்தேன்.

நான் வானிலைத் துறையில் பொறியாளர். வெப்பமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் திருத்துவது என் வேலை. அம்மா இறந்து அன்றைக்கு ஐம்பத்தேழு நாள். அவள் போட்ட தோட்டம் இன்னும் கலைக்கப்படாமல் நின்றது.

எங்கள் பக்கம் கடைசிப் பறிப்பை அறுவடை என்று சொல்வதில்லை. தோட்டத்தைக் கலைப்பது என்போம். உறைபனிக்கு முந்தைய நாள் காயோ பிஞ்சோ பழமோ, இருப்பதையெல்லாம் எடுத்து, செடிகொடிகளைப் பிடுங்கி, வேலிக் கதவைத் திறந்துவிட்டால் கலைத்தாயிற்று. பிறகு யார் வீட்டு ஆடும் உள்ளே வரலாம். கலைக்காத தோட்டத்தில் பனி விழுந்தால் ஒரே காலையில் எல்லாம் கூழாகிவிடும். ஊரில் அதை வெறும் நட்டமாகப் பார்க்க மாட்டார்கள். அந்த வீட்டில் ஆள் இல்லை என்பார்கள்.

முந்தைய நாள் மாலை பக்கத்து வீட்டு ஸோஹ்ரே அத்தை போன் செய்திருந்தார்.

“ஹாஜெர், உங்கப்பா தினமும் தண்ணி பாய்ச்சுறாரு. ஒரு காயைக்கூடப் பறிக்கல. தக்காளி செடியிலேயே அழுகி விழுது. கேட்டா ‘பாக்கலாம்’ங்கறாரு.”

“சாப்பிடறாரா?”

“டீயும் ரொட்டியும். அதுவும் நான் எதிர்ல நின்னாத்தான். நான் குடுத்தனுப்புற குழம்பை நாய்க்கு ஊத்திடறாரு. நாய் பெருத்துப்போச்சு, அவரு இளைச்சுட்டாரு. பாக்கறவங்களுக்கு எழவு யாரு வீட்லன்னு குழப்பமா இருக்கு.”

சிவாஸ் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு ஐந்தரை மணி நேரப் பாதை. வழியில் ஒரு முறை டீசல் போட நிறுத்தினேன். மற்ற நேரம் அம்மாவின் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவள் பெயர் யெத்தெர். எங்கள் துருக்கி மொழியில் ‘போதும்’ என்று பொருள். அவள் ஐந்தாவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று கடவுளுக்குத் தெரிவிப்பதற்காக வைத்த பெயர். அது வேலை செய்யவில்லை. அவளுக்குப் பின் இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களுக்குப் பூக்களின் பெயர் வைத்தார்கள். அம்மா இதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. “பேரு எனக்கு, சேதி மேல இருக்கறவருக்கு. அவரு படிக்கல, நான் என்ன பண்ண?” என்பாள்.

மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனாள். பிறகு அக்காமார்களோடு பீட்ரூட் வயலில் களை எடுத்தாள். பதினெட்டு வயதில் ரிஃபாத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா நெடுஞ்சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டி ஓட்டினார். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மலைக்கணவாய் முகாமில் இருப்பார். அந்த நான்கு மாதமும் வீட்டில் அம்மா மட்டும். பிறகு நானும் அவளும். நாங்கள் தின்றதெல்லாம் தோட்டத்தில் கலைத்து எடுத்ததுதான். சரத்தில் காய்ந்த கத்தரிக்காய், உப்புநீர்ப் புட்டிகள், நிலவறையில் பூசணி.

அவளுக்கு நான் ஒரே பிள்ளை. பெயர் ஒரு தலைமுறை தாமதமாக வேலை செய்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கல்யாண விருந்தன்று ஒன்று நடந்தது. பந்தியில் முப்பது பேர். மாமியார் புது மருமகளைச் சமையலறையிலிருந்து கூப்பிட “யெத்தெர்!” என்று சத்தம் போட்டிருக்கிறார். முப்பது பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். கஞ்சத்தனமான வீடு என்ற பேச்சு ஓய இரண்டு வருடம் ஆனதாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. அப்பா எப்போதுமே எடுத்ததில்லை. பெண்டாட்டி பெயரைச் சொல்லும் வழக்கம் அவர் வயது ஆண்களிடம் கிடையாது. “இந்தா” என்று கூப்பிடுவார். ஆகவே எங்கள் வீட்டில் ‘போதும்’ என்பதற்குச் சொல் இல்லை. தட்டின் மேல் உள்ளங்கையை விரித்துப் பிடிக்க வேண்டும். அம்மா அந்த விரல்களுக்கு இடையில் இன்னொரு கரண்டி விடுவாள்.

ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் எனக்குப் போன் வரும். “எப்ப விழும்?” என்று மட்டும் கேட்பாள். நான் எண்ணைச் சொல்வேன். “நல்லது” என்பாள். ஒரு வாரம் கழித்துப் பேருந்தில் பெட்டி வரும். செய்தித்தாளில் சுற்றிய புட்டிகள், பச்சைத் தக்காளி, விரலளவு வெள்ளரி, முற்றாத முலாம்பிஞ்சு. நான் அலுவலகக் கேண்டீனில் சாப்பிடுகிறவள். போன வருடத்துப் புட்டிகளில் இரண்டு இன்னும் திறக்கப்படாமல் என் பால்கனியில் இருக்கின்றன. அதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி காலை பீன்ஸ் வரிசைக்கு நடுவே விழுந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயது. மடையை அடைக்க ஆள் இல்லாமல் தண்ணீர் ஸோஹ்ரே அத்தையின் வாசல் வரை போயிருக்கிறது. அதைப் பார்த்துத் திட்டுவதற்காக வந்தபோதுதான் அத்தை அவளைக் கண்டார்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். அப்பா தோட்டத்தில் இருந்தார். கையில் ரப்பர் குழாய். தக்காளிச் செடிகள் தங்கள் பாரத்திலேயே சாய்ந்து கிடந்தன. மிளகாய் சிவந்து, சுருங்கி, செடியிலேயே வற்றிப்போயிருந்தது. வேலிக்கு வெளியே ஸோஹ்ரே அத்தையின் ஆறு ஆடுகள் உள்ளே பார்த்தபடி வரிசையாக நின்றன.

“வந்துட்டியா,” என்றார் அப்பா. “லீவு இருக்கா?”

“ரெண்டு நாள். அப்பா, இன்னைக்குக் கலைச்சாகணும். விடிகாலை மைனஸ் ரெண்டு.”

“பாக்கலாம்.”

“பாக்க நேரமில்ல. ஆறு மணிக்கு இருட்டிடும்.”

அவர் குழாயை அடுத்த வரிசைக்கு இழுத்தார். “அவ ஆரம்பிக்காம இந்தத் தோட்டத்துல யாரும் கலைச்சதில்ல.”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸோஹ்ரே அத்தையின் குரல் வந்தது. “அண்ணே, என் ஆடுங்க ரெண்டு வாரமா இங்க நின்னு துக்கம் விசாரிக்குதுங்க. அதுங்களுக்காவது பதில் சொல்லுங்க.”

“உன் ஆடுங்களுக்கு எப்பவும் அவசரம், ஸோஹ்ரே.”

“அவசரப்படற ஜாதி அது. உங்களை மாதிரி கணவாய்ல நாலு மாசம் உக்காந்து பழகல.”

நான் போனில் கணிப்பைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

“உன் நம்பர் வேற, இந்த மண்ணு வேற,” என்றார். “உனக்கு அது தெரியாது. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா.”

“எதை?”

வேலியைத் தாண்டி அத்தைதான் சொன்னார். “நீ வேலைக்குச் சேந்த மொத வருஷம். பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலதான் இருக்கும், ரெண்டு நாள் பொறுக்கலாம்னு சொன்ன. உங்கம்மா பொறுத்தா. காலையில வந்து பாத்தா, எல்லாம் வேகவெச்ச மாதிரி கெடக்கு. அந்தக் குளிர்காலம் பூரா என் நிலவறையிலருந்துதான் தின்னாங்க.”

எனக்கு அந்த வருடம் நினைவிருந்தது. ‘பனி விழுந்துதா?’ என்று கேட்டிருந்தேன். ‘ஒண்ணும் ஆகல, நீ சொன்ன மாதிரியே’ என்றிருந்தாள். பெட்டியும் வந்தது. அதில் இருந்தவை ஸோஹ்ரே அத்தையின் புட்டிகள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

பிழை எங்கே என்பதும் தெரிந்தது. எங்கள் வெப்பமானி தரையிலிருந்து ஆளுயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர் கீழே இறங்கித் தரையில் தேங்கும். மேலே ஒன்று காட்டினால் கீழே மைனஸ் மூன்று இருக்கலாம். முதல் வருடப் பாடம் இது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

“அவ கண்டுபிடிச்சுட்டா,” என்றார் அப்பா. “‘அவ பெட்டி நின்னுக்கிட்டிருக்கு, என் தக்காளி படுத்துக்கெடக்கு. ரெண்டும் ஒரே குளிரையா பாக்கும்’னா.”

“அப்புறமும் வருஷா வருஷம் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாளே.”

“இஞ்சினியரம்மா,” என்றார் ஸோஹ்ரே அத்தை, “நம்பருக்கா போன் பண்ணா? உன்னை ரெண்டு வார்த்தை பேச வைக்க வேற வழி என்ன இருந்துது அவளுக்கு?”

ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வரிசைக்குள் இறங்கி, குனிந்து, சேதம் எவ்வளவு என்று பார்க்க ஆரம்பித்தேன். தக்காளியின் மேல் இலைகள் பச்சை. தரையை ஒட்டியிருந்த துளசி மட்டும் விளிம்பில் கறுத்திருந்தது. அழுகல் இல்லை, நோயும் இல்லை. இலையை விரலால் தேய்த்தேன். ஈரமாக, கண்ணாடிபோல் ஆகியிருந்தது. குளிர் பட்ட இலை அப்படித்தான் ஆகும். துளசி எல்லாவற்றுக்கும் முன்னால் போகும்.

துளசிக்குப் பக்கத்தில் மண்ணில் பாதி புதைந்து ஒரு செம்புக் கிண்ணம் இருந்தது. நிறையத் தண்ணீர். பல வருடமாக அங்கே பார்த்திருக்கிறேன். கோழிகள் குடிக்க என்று நினைத்திருந்தேன். ஆனால் வேலி கட்டிய தோட்டத்தில் கோழி ஏது?

“அப்பா, இது எதுக்கு?”

அவர் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு நின்றார்.

“அவளோட பெட்டி,” என்றார்.

“பனி ஏடு கட்டுமா இதுல?”

“செப்டம்பர்லருந்து தினமும் விடியறப்ப வந்து பாப்பா. தண்ணி மேல ஏடு கட்டிருந்தா அன்னைக்குக் கலைச்சிருவா. அது மொத நாள் குளிரு. மெல்லிசாத்தான் இருக்கும், செடியைக் கொல்லாது. மறுநா வர்றதுதான் கொல்லும்.”

“இன்னைக்குக் காலையில பாத்தீங்களா?”

அவர் குழாயை இன்னொரு கைக்கு மாற்றினார்.

“துளசி கறுத்திருக்கு அப்பா.”

“கட்டியிருந்துது,” என்றார். “பாலாடை மாதிரி. விரலால தொட்டேன், உடைஞ்சுது. எடுத்து வேலியோரம் போட்டுட்டு வேற தண்ணி ஊத்தி வெச்சேன்.”

“ஏன்?”

அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அவ பாத்துட்டு உள்ள வருவா. நான் அடுப்புக்கிட்ட இருப்பேன். ‘கட்டிருச்சு, எந்திரி’ம்பா. அம்பது வருஷம் எந்திரிச்சேன். இன்னைக்கு நான் பாத்தேன். உள்ள போனேன். யார்கிட்ட சொல்ல?”

ஸோஹ்ரே அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“என்கிட்ட சொல்லுங்க,” என்றேன்.

அப்பா குழாயைக் கீழே போட்டார். போய் மடையை அடைத்துவிட்டு வந்தார். கம்பத்தில் செருகியிருந்த அம்மாவின் வளைந்த கத்தியை உருவினார். ஆகஸ்டிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. அலகில் லேசாகத் துரு.

“கட்டிருச்சு,” என்றார் என்னிடம்.

நான் எழுந்தேன்.

அவர் முதல் மிளகாயை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இது எங்க போகும்?”

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஐம்பது வருடமும் அவள் சொன்னாள், அவர் தூக்கினார். ஸோஹ்ரே அத்தை வேலிக் கதவைத் தள்ளி, ஆடுகளை முழங்காலால் விலக்கி, உள்ளே வந்தார்.

“ஆண்டவனே, ஒரு வீட்டுல ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. சிவந்தது சரத்துக்கு. பச்சை உப்புநீருக்கு. வெம்பினது இன்னைக்கு வயித்துக்கு. தக்காளியை அறுக்காதே ஹாஜெர், செடியோட பிடுங்கு. வேரு மேல இருக்கற மாதிரி கொட்டகையில தொங்கவிட்டா டிசம்பர் வரைக்கும் ஒவ்வொண்ணாப் பழுக்கும்.”

காரிலிருந்து நான்கு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டுவந்து வகை பிரித்து வைத்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, “சீல் எப்ப குத்துவே?” என்றார்.

மதியம் முழுவதும் பேச்சு அவ்வளவு இல்லை. தக்காளிச் செடிகளைப் பிடுங்கினால் வேரோடு ஈர மண் வந்தது. முஷ்டியளவு முலாம்பிஞ்சுகள் நாற்பது இருந்தன. இலைக்கடியில் ஒளிந்திருந்த வெள்ளரிகளைக் கையால் தடவித் தடவி எடுத்தோம். பீன்ஸ் நெற்றாகியிருந்தது, குலுக்கினால் சத்தம் வந்தது. அந்த வரிசையை நான் தொடவில்லை. அப்பாதான் போனார். மண்டியிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒரு நெற்றையும் விடாமல் பறித்தார். அரை மணி நேரம் ஆனது. நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும் ஒன்று சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது, அது உண்மையும்கூட.

“நேத்து ராத்திரி தரையில பூஜ்யத்துக்குக் கீழ போயிருக்கு. செடி தப்பிச்சதுக்குக் காரணம் நீங்க பாய்ச்சின தண்ணி. ஈர மண்ணு பகல் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும்.”

“அதுக்காகப் பாய்ச்சல,” என்றார்.

“தெரியும்.”

ஐந்தரைக்கு முடிந்தது. அப்பா பூசணிகளைச் சுமந்து நிலவறையில் வைத்தார். கொட்டகை உத்திரத்தில் தக்காளிச் செடிகள் தலைகீழாகத் தொங்கின. வேலிக் கதவைத் திறப்பது வீட்டுக்காரர் வேலை. அப்பா கொக்கியை எடுத்து, கதவை முழுவதும் தள்ளி, அது திரும்பச் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை வைத்தார். ஆறு ஆடுகளும் அவரை உரசிக்கொண்டு உள்ளே போயின.

“துக்கம் முடிஞ்சுது அதுங்களுக்கு,” என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, “சாப்பாட்டுக்கு நானும் இருக்கேன். அவரு நாய்ப் பக்கம் போகாம பாத்துக்க,” என்றார்.

கலைத்த நாளின் சமையலுக்குத் தனிப் பெயர் எதுவும் கிடையாது. எதிலும் சேராமல் மிஞ்சியதெல்லாம் அந்தச் சட்டிக்குப் போகும். வெங்காயம், வெடித்த தக்காளி, வளைந்த மிளகாய், கட்டைவிரல் அளவு கத்தரிக்காய் மூன்று, முற்றாத பீன்ஸ் ஒரு பிடி, தண்டோடு பார்ஸ்லி, கறுக்காத துளசி. மேலே இரண்டு கை உடைத்த கோதுமை. அத்தை சொன்னார், நான் போட்டேன். அடுப்பில் அது கொதிக்க ஆரம்பித்ததும் வீட்டில் பழைய வாசனை வந்தது. அப்பா எழுந்து வெளியே போய்க் கையைக் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார்.

தரையில் பெரிய வட்டத் தட்டைப் போட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. சட்டியிலிருந்து அப்பாவின் தட்டில் ஒரு கரண்டி வைத்தேன். இரண்டு. அவர் வழக்கமாக இரண்டில் கையை விரிப்பார். கைகள் முழங்கால் மேலேயே இருந்தன. மூன்று. அத்தை என்னைப் பார்த்தார். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பரிமாறுகிறவர் நிறுத்துவதில்லை. நான்காவது கரண்டியில் குழம்பு விளிம்பைத் தொட்டது. ஐந்தாவதுக்குச் சட்டியில் கரண்டியை விட்டேன்.

“யெத்தெர்,” என்றார் அப்பா.

தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். சத்தமாக இல்லை. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்பது அதுவே முதல் முறை.

நான் கரண்டியைச் சட்டியிலேயே விட்டேன்.

ஸோஹ்ரே அத்தை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் பிய்த்தார். ஒருவருக்குத் தேவையானதைவிட நிறையத் துண்டுகள் ஆகிவிட்டன. அப்பா கரண்டியை எடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். இன்னொரு வாய்.

“உப்பு பத்தல,” என்றார்.

“குறை சொல்ற வாய் திரும்ப வந்துருச்சு,” என்றார் அத்தை. “இனி பயமில்ல.” முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உப்பு டப்பாவை நீட்டினார்.

அவர் தட்டைக் காலி செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. நாய் வாசலில் காத்திருந்தது. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

படுக்கும் முன் காரிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துப்போய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக வைத்தேன். கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. அப்பா ஏற்கெனவே வந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

விடிந்தபோது என் அறைக் கதவு தட்டப்பட்டது. அவர் கோட்டும் குல்லாயுமாக நின்றார். இரண்டு கையிலும் கிண்ணம். அடிவரை உறைந்திருந்தது. நடுவில் ஒரு துளசி இலை அகப்பட்டிருந்தது.

“ஏடு இல்ல இன்னைக்கு,” என்றார். “முழுசாவே கட்டிருச்சு. எந்திரி.”

“எவ்வளவு காட்டுது அங்க?”

“மைனஸ் நாலரை. உன் பெட்டியைப் படுக்க வெச்சிருக்க. பரவால்ல.”

நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். நேற்றைய சட்டியில் இன்னும் மூன்று பேருக்கு இருந்தது.